நல்ல முதலாளியும் நம்முடைய சங்கமும்



தோட்டத்துப் பள்ளி ஆசிரியருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதோடு வேலை முடிந்து விடுவதில்லை. பள்ளி விட்டதும் யாராவது ஒருவர் ஒரு தாளைக் கொண்டு வந்து நீட்டுவார். சேமநிதிக் கடிதமாக இருக்கும். மருத்துவமனைச் சீட்டாக இருக்கும். மின்கட்டண பில்லாகவும் இருக்கும். படித்துச் சொல்ல வேண்டியது நம் கடமை.

அப்படி ஒரு நாள், வாழ்நாள் எல்லாம் வெட்டுக்காட்டில் உழைத்த ஒரு பாட்டி இரண்டு தாள்களை எடுத்துக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் பைக்குள் மடித்து, ரப்பர் வளையம் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்த தாள்கள் அவை.

"வாத்தியாரையா, ரெண்டுலயும் பணம் கட்டினேன். ஒண்ணுல வருசா வருசம் கடிதாசி வருது, கூட்டத்துக்கு வரச் சொல்லி. இன்னொண்ணுல ஒரு சேதியும் இல்லே. ரெண்டு பேருமே நம்ம ஜனங்களுக்காகன்னு சொல்லித்தானே வாங்கினாங்க?" என்று கேட்டார்.

முதல் தாள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம். இரண்டாவது, ஒரு கம்பெனி கொடுத்த பற்றுச்சீட்டு. தோட்டம் தோறும் மலிவு விலைக் கடை திறப்போம், ஏழைகளின் சுமையைக் குறைப்போம் என்று கோயில் மண்டபத்தில் பேசிப் பணம் திரட்டிய கம்பெனி அது. சில காலம் கடை நடந்தது. பிறகு கம்பெனி கை மாறியது. புதியவர்கள் கடையை மூடினார்கள். பாட்டியின் பணத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

பாட்டியின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இரண்டு மேடையிலும் பேசிய பேச்சு ஒன்றுதான். நோக்கமும் ஒன்று போலத்தான் சொல்லப்பட்டது. அப்படியானால் வேறுபாடு எங்கே? இன்று நாம் பேசப் போகும் பொருள் அதுதான். பொறுப்போடு நடக்கும் சாதாரண வாணிகம் ஒன்று. சமுதாய நோக்கத்துக்காகவே நடத்தப்படும் தொழில் மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத் தோன்றும். உள்ளே கட்டுமானம் வேறு. அந்த வேறுபாட்டை அறிந்துகொள்வது ஏட்டுப் படிப்புக்காக மட்டும் அல்ல, நேயர்களே. நம் கையில் இருக்கும் சிறு சேமிப்பு பத்திரமாக இருக்க வேண்டுமானால் இதை நாம் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். சட்டத்துக்கு அடங்கி நடப்பது வேறு, நல்ல மனம் வேறு. 1951ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஊழியர் சேமநிதி ஏற்பட்டது. 1955ஆம் ஆண்டில் வேலைச் சட்டம் வந்தது. தொழிலாளர் குடியிருப்புக்கும் வசதிகளுக்கும் குறைந்த அளவு இவை இருக்க வேண்டும் என்று வகுக்கும் சட்டம் 1990ஆம் ஆண்டில் வந்தது. ஆகவே, மானேஜர் சேமநிதி கட்டுகிறார், வீட்டுக்குத் தண்ணீர் வசதி செய்திருக்கிறார் என்றால், அது தருமம் அல்ல. சட்டம் விதித்த கடமை. அதற்காக நாம் கைகூப்பி நிற்க வேண்டியதில்லை.

சட்டம் கேட்பதற்கு மேலும் சில முதலாளிகள் செய்கிறார்கள். தமிழ்ப் பள்ளிக்குக் கூரை மாற்றிக் கொடுக்கிறார்கள். ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைகளுக்குப் புத்தகப் பை வாங்கித் தருகிறார்கள். ஆற்றில் ஆலைக் கழிவு கலக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். செம்பனை எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டை அழிக்காமலும் தொழிலாளரை வருத்தாமலும் உற்பத்தி செய்ய வேண்டும் என்று விதிமுறை வகுத்து, அதைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் அமைப்பு ஒன்று 2004ஆம் ஆண்டில் ஏற்பட்டது. பல பெரிய தோட்டக் கம்பெனிகள் அதில் சேர்ந்திருக்கின்றன. இவையெல்லாம் பாராட்டுக்குரியவை. இதைத்தான் பொறுப்புள்ள வாணிகம் என்கிறோம்.

ஆனால் அந்த வாணிகத்தின் ஆணிவேர் எது? ஆதாயம். பங்கு வாங்கியவர்களுக்கு ஆதாயம் தருவதற்காக அந்தக் கம்பெனி ஏற்பட்டது. இயக்குநர்கள் அதற்காகத்தான் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். நல்ல காரியங்களை அவர்கள் ஆதாயத்தின் நிழலில் செய்கிறார்கள். மரம் செழித்து நிற்கும் வரை நிழல் உண்டு. மரத்தின் சொந்தக்காரர் மாறினால்? வெட்டிவிட முடிவு செய்தால்? நிழலில் நின்றவரை யாரும் கேட்கப் போவதில்லை.

இதற்கு ஓர் உண்மை வரலாறு சொல்லுகிறோம். நம் பிள்ளைகள் விரும்பித் தின்னும் கேட்பரி சாக்லேட்டை எல்லாரும் அறிவீர்கள். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தின் நெருக்கடியிலிருந்து அந்தக் குடும்பத்தினர் தங்கள் தொழிற்சாலையை 1879ஆம் ஆண்டில் ஊருக்கு வெளியே கொண்டு போனார்கள். அந்த இடத்துக்கு போர்ன்வில் என்று பெயர் வைத்தார்கள். பின்னர் ஜார்ஜ் கேட்பரி அங்கே நிலம் வாங்கி, தோட்டத்தோடு கூடிய நல்ல வீடுகளைக் கட்டினார். தொழிலாளர்கள் இருட்டுச் சந்துகளில் நோயோடு வாழ்ந்த காலத்தில் அது பெரும் புதுமை. பொறுப்புள்ள முதலாளி என்றால் இவரைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள்.

ஜார்ஜ் கேட்பரி இன்னொன்றும் செய்தார். 1900ஆம் ஆண்டில் அந்தக் கிராமத்தைத் தம் பெயரிலிருந்தும் கம்பெனியிலிருந்தும் பிரித்து, ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். தமக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் இதே மனம் இருக்கும் என்று அவர் நம்பிக்கொண்டு உட்காரவில்லை.

110 ஆண்டுகள் சென்றன. 2010ஆம் ஆண்டில் கிராஃப்ட் என்னும் அமெரிக்கக் கம்பெனி கேட்பரியை விலைக்கு வாங்கியது. இங்கிலாந்தில் கெயின்ஷம் என்னும் ஊருக்கு அருகில் கேட்பரிக்கு இன்னொரு தொழிற்சாலை இருந்தது. கேட்பரியே அதை மூடுவதாக முன்பு அறிவித்திருந்தது. வாங்க வந்தபோது கிராஃப்ட், அதைத் தொடர்ந்து நடத்த முடியும் என்று நம்பிக்கை கொடுத்தது. வாங்கி முடித்த சில நாட்களிலேயே மூடப் போவதாகச் சொல்லிவிட்டது. கம்பெனிகள் கைமாறுவதைக் கண்காணிக்கும் அமைப்பு கண்டனம் தெரிவித்தது. ஆனாலும் வேலை போனது போனதுதான்.

எண்ணிப் பாருங்கள் நேயர்களே. அறக்கட்டளையில் கட்டி வைத்த போர்ன்வில் கிராமம் இன்றும் அறக்கட்டளையிடமே இருக்கிறது. நல்ல மனத்தை மட்டும் நம்பி நின்ற தொழிற்சாலை, பங்கு கைமாறியதும் மூடப்பட்டது. கேட்பரி என்னும் ஒரே பெயரோடு இணைந்த இரண்டு பெரும் முயற்சிகள். ஒன்று நிலைத்தது, ஒன்று நிலைக்கவில்லை. ஏன்? ஒன்றில் நல்ல நோக்கம் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. மற்றொன்றில் அது முதலாளியின் மனத்தில் மட்டும் இருந்தது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

1950ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களைப் பிடித்து ஆட்டிய நோய் துண்டாடல். வெள்ளைக்காரத் துரைமார் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்களில் பலர் அவற்றைத் தோட்டமாக நடத்தவில்லை. பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று துண்டு போட்டு விற்றார்கள். துண்டு நிலத்தை வாங்கியவருக்கு நிரந்தரத் தொழிலாளர் எதற்கு? தாமே வெட்டுவார்; இல்லாவிட்டால் குத்தகைக்கு ஆள் வைப்பார். லயத்து வீடு, ஆயாக்கொட்டகை, மருந்தகம் இவற்றை யார் பராமரிப்பது? தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் மூட்டையைக் கட்டினார்கள். பள்ளிக்கூடம் பிள்ளைகளை இழந்தது. கோயில் விளக்கு அணைந்தது. இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "தோட்டம் துண்டு போட்டாங்க" என்று அவர்கள் சொல்லும்போது குரல் மாறும். வேலை, வீடு, பள்ளி, கோயில் என்று நான்கும் ஒரே நாளில் கையை விட்டுப் போன கதை அது.

துண்டாடிய எல்லாரையும் கொடியவர்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் சட்டப்படி வாங்கினார்கள், சட்டப்படி விற்றார்கள். முழுத் தோட்டத்தை விடத் துண்டுகளுக்கு அதிக விலை கிடைத்தது. ஆகவே துண்டு போட்டார்கள். ஆதாயமே நோக்கமாக இருக்கும் இடத்தில் அதுதான் நடக்கும். இதற்கு மாற்று என்ன? நிலத்தின் சொந்தக்காரருக்கு நோக்கமே வேறாக இருக்க வேண்டும்.

அந்த எண்ணத்தோடு, அப்போது அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போனார். பத்து வெள்ளி, பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்குங்கள் என்று பால்வெட்டுத் தொழிலாளரிடம் கேட்டார். அந்தக் காலத்தில் பத்து வெள்ளி என்பது சிறிய தொகை அல்ல. சம்பள நாளன்று மளிகைக் கடைப் பற்றை அடைத்த பிறகு என்ன மிஞ்சும்? மிஞ்சியதிலிருந்து கொடுத்தார்கள். மறு ஆண்டே, 1961இல், கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பிறகு மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன. நேற்று வரை கூலிக்காக வெட்டிய மரத்தில் இன்று தமக்கும் ஒரு பங்கு உண்டு என்று தொழிலாளி சொல்லும் நிலை ஏற்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சங்கத்தின் தோட்டமும் ரப்பர்தான் விற்றது. பின்னர் செம்பனையும் விற்றது. சந்தை விலைக்குத்தான் விற்றது. மானேஜர் உண்டு, கிராணி உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு. நன்கொடைப் பெட்டி வைத்து நடத்திய தருமச் சத்திரம் அல்ல அது. தொழில்தான். ஆனால் எதற்காகத் தொழில்? தோட்டம் துண்டாகாமல் இருக்க, மக்கள் தெருவுக்கு வராமல் இருக்க. அந்த நோக்கம் முதலில் வந்தது. ஆதாயம் அதற்குக் கருவியாயிற்று.

இப்போது இலக்கணம் சொல்லலாம். சமுதாயத் தொழில் என்பது ஒரு சமுதாயக் குறையைப் போக்குவதற்காகவே தொடங்கப்பட்டு, பொருளையோ சேவையையோ விற்றுத் தன் செலவைத் தானே ஈட்டி, மிஞ்சும் ஆதாயத்தைப் பெரும்பாலும் அந்த நோக்கத்துக்கே திருப்பிவிடும் தொழில். தருமம் மற்றவர் கொடுப்பதை நம்பி நிற்கும். சமுதாயத் தொழில் தான் ஈட்டுவதை நம்பி நிற்கும். சாதாரண வாணிகம் ஆதாயத்தை உரிமையாளருக்குக் கொண்டு போகும். சமுதாயத் தொழில் நோக்கத்துக்குக் கொண்டு போகும். இந்தப் பெயர் பிற்காலத்தில் பரவியது. செயல் பழையது.

எவ்வளவு பழையது? இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், நெசவாளர் முதலிய எளிய தொழிலாளர் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடை திறந்தார்கள். ஆளுக்கு ஒரு பவுன் முதல். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி, இவ்வளவுதான் சரக்கு. அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் மாவில் கலப்படம் செய்தார்கள், கடனில் சிக்க வைத்தார்கள். நம் பழைய தோட்டக் கடைகளின் பற்றுப் புத்தகம் நினைவுக்கு வருகிறதா? ராச்டேல் தொழிலாளர் கலப்படமில்லாத சரக்கைச் சரியான எடையில் கொடுத்தார்கள். கடன் இல்லை என்று விதி வைத்தார்கள். மிஞ்சிய ஆதாயத்தை, யார் எவ்வளவு வாங்கினாரோ அந்த அளவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருவர் எத்தனை பவுன் போட்டிருந்தாலும் வாக்கு ஒன்றுதான். உலகமெங்கும் உள்ள கூட்டுறவுச் சங்கங்களுக்கு இந்தச் சிறு கடையே முன்மாதிரி.

பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். 1973ஆம் ஆண்டில் விலைவாசி ஏறியபோது, அங்கே தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசு, தோ பாயோவில் வெல்கம் என்ற பெயரில் ஒரு கூட்டுறவுப் பேரங்காடி திறந்தது. அது 1983ஆம் ஆண்டில் மற்றொரு கூட்டுறவோடு இணைந்து ஃபேர்பிரைஸ் ஆயிற்று. அரிசியும் எண்ணெயும் நியாய விலையில் கிடைக்கும் ஒரு கடை ஊரில் இருந்தால், பக்கத்துக் கடைக்காரர் கண்டபடி விலை ஏற்ற முடியாது. அந்தக் கடையில் வாங்காதவருக்கும் அதனால் பலன் உண்டு. ஊருக்கு நடுவே இருக்கும் நல்ல கிணறு போல.

சரி, பாட்டியின் இரண்டு தாளுக்குத் திரும்புவோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று இடங்களில் வேறுபாடு தெரியும்.

முதலாவது, வாக்கு. கம்பெனியில் பங்குக்குத்தான் வாக்கு. ஆயிரம் பங்கு வைத்திருப்பவருக்கு ஆயிரம் வாக்கு. பத்துப் பங்கு வைத்திருப்பவருக்குப் பத்து வாக்கு. கூட்டுறவில் ஆளுக்குத்தான் வாக்கு. பாட்டிக்கும் ஒன்று, வழக்கறிஞருக்கும் ஒன்று. பெரிய சங்கங்களில் பேராளர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். அவர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். பாட்டிக்கு வந்த கடிதம் அழைப்பு மட்டும் அல்ல. அது அவருடைய உரிமைச் சீட்டு. ஆண்டுக்கணக்காக அவர் அதைப் பையில் மடித்து வைத்திருந்தார். ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை.

இரண்டாவது, ஆதாயம் போகும் வழி. கம்பெனியில் ஆதாயத்தை எவ்வளவு பங்கிடுவது என்பதை நிருவாகமும் பெரிய பங்குதாரர்களும் தீர்மானிப்பார்கள். கூட்டுறவில் ஒரு பகுதியைக் கட்டாயமாகச் சேமநிதியில் வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்லுகிறது. மற்றதில் எவ்வளவு இலாப ஈவு, எவ்வளவு பிள்ளைகளின் கல்விக்கு, எவ்வளவு தொழிலை வளர்க்க என்பதைப் பொதுக்கூட்டம் தீர்மானிக்கும்.

மூன்றாவது, கெட்ட காலம். ரப்பர் விலை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பொறுப்புள்ள கம்பெனி முதலில் எதைக் குறைக்கும்? பள்ளிக்குக் கொடுத்த நன்கொடையை, விளையாட்டுப் போட்டிக்குக் கொடுத்த கிண்ணத்தை. அதில் வஞ்சகம் இல்லை. பங்குதாரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு என்ன செய்வார்கள்? சரியாக நடக்கும் சமுதாயத் தொழில் முதலில் இலாப ஈவைக் குறைக்கும். நோக்கத்தைக் கடைசியில்தான் தொடும். ஒரு நிறுவனம் எந்த வகை என்பதை நல்ல காலத்துப் பேச்சைக் கேட்டு அறிய முடியாது. கெட்ட காலத்தில் எதை முதலில் விடுகிறது, எதைக் கடைசி வரை பிடித்துக்கொள்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

இவ்வளவு சொன்னதால், பெயர்ப்பலகையில் சமுதாயம் என்று எழுதியிருந்தால் எல்லாம் தங்கம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வங்காள தேசத்தில் 1976ஆம் ஆண்டில் பேராசிரியர் முகம்மது யூனுஸ், ஜோப்ரா என்னும் கிராமத்தில் 42 பேருக்கு மொத்தம் 27 டாலர் மட்டும் கொடுத்தார். வட்டிக்காரரிடம் மாட்டிக்கொண்டிருந்த மூங்கில் நாற்காலி பின்னும் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். அதிலிருந்து வளர்ந்தது கிராமீன் வங்கி. அந்த வங்கியின் பங்குகளில் பெரும்பகுதி கடன் வாங்கும் பெண்களின் கையிலேயே இருந்தது. 2006ஆம் ஆண்டில் அவருக்கும் வங்கிக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1987ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அமானா இக்தியார் அதே வழியைப் பின்பற்றியது.

ஆனால் ஆந்திராவில் நடந்தது என்ன? அங்கேயும் ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுக்க அமைப்புகள் தோன்றின. அவற்றில் சில ஆதாயக் கம்பெனிகளாக மாறின. வெளி முதலீட்டாளர் பணம் குவிந்தது. ஒரே பெண்ணுக்கு நாலைந்து இடத்தில் கடன் கொடுத்தார்கள். வசூல் கெடுபிடி பொறுக்காமல் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. 2010ஆம் ஆண்டு அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. செய்த வேலை ஒன்றுதான்: ஏழைக்குச் சிறுகடன். ஒரு வழியில் நோக்கம் ஓட்டுநராக இருந்தது. மற்றொரு வழியில் ஆதாயம் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டது.

கூட்டுறவும் கெடும். நிருவாகக் குழு குடும்பச் சொத்தாக மாறினால் கெடும். கணக்கு கேட்பவரைத் துரோகி என்று சொன்னால் கெடும். நாம் கெடுப்பதும் உண்டு. எப்படி என்று சொல்லுகிறோம். செம்பனை நட்டால் ஏறக்குறைய மூன்று ஆண்டில் குலை தள்ளும். இருபத்தைந்து ஆண்டு வரை நல்ல பலன் தரும். பிறகு மரம் உயர்ந்துவிடும், விளைச்சல் குறையும், வெட்டிவிட்டு மறுநடவு செய்ய வேண்டும். மறுநடவு செய்த மூன்று ஆண்டுக்கு அந்த நிலத்தில் வருமானம் இல்லை. உரச் செலவும் ஆள் கூலியும் மட்டும் உண்டு. ரப்பரானால் பால் வெட்ட ஐந்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே நல்ல விலை வரும் ஆண்டுகளில் பணத்தை ஒதுக்கி வைக்காத சங்கம் மறுநடவு வரும்போது கையை விரிக்கும். ஆனால் பொதுக்கூட்டத்தில் நாம் கேட்கும் கேள்வி என்ன? "இந்த வருசம் எத்தனை சதவிகிதம் கொடுப்பீங்க?" என்பதுதான். மறுநடவுக்கு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பவர் எத்தனை பேர்? பேரப் பிள்ளைகளின் மரத்தை நாம் இந்த ஆண்டே தின்றுவிடக் கூடாது.

இன்னொரு குறையும் உண்டு. சமுதாயத்துக்காக உழைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, தன்னிடம் வேலை செய்பவருக்குக் குறைந்த சம்பளம் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அது நோக்கத்துக்கே செய்யும் துரோகம். நல்ல சம்பளத்தை ஒழுங்காகக் கொடுக்கும் சாதாரணக் கம்பெனி அதைவிட எவ்வளவோ மேல். நம்மில் பெரும்பாலோர்க்குச் சோறு போடுவதும் சாதாரணக் கம்பெனிகளின் சம்பளம்தான். பொறுப்புள்ள வாணிகத்தை நாம் இகழ வேண்டியதில்லை. அதனிடம் சம்பளத்தையும் சட்ட உரிமையையும் கேட்டுப் பெறுவோம்; அதற்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. அது கொடுக்கும் நன்கொடையை நன்றியோடு பெறுவோம். ஆனால் நம் பிள்ளைகளின் எதிர்காலத்தை அந்த நன்கொடையின் மேல் கட்ட வேண்டாம்.

இனி, இந்தப் பேச்சிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டிய பகுதி. நாளை யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தோ, கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பியோ, நம் சமுதாயத்துக்காக ஒரு தொழில், நீங்களும் பணம் போடுங்கள் என்று சொன்னால், ஐந்து கேள்வி கேளுங்கள். கோபப்படாமல், பணிவாகவே கேளுங்கள்.

இது கூட்டுறவா, கம்பெனியா, அறக்கட்டளையா? எங்கே பதிவாகியிருக்கிறது? கூட்டுறவுச் சங்கங்களை 2008ஆம் ஆண்டு முதல் மலேசியக் கூட்டுறவுச் சங்க ஆணையம் கண்காணித்து வருகிறது. கம்பெனிகளுக்கு வேறு ஆணையம் இருக்கிறது. பதிவு எண்ணை வாங்கிச் சரிபாருங்கள். அனுமதியில்லாமல் பணம் வசூலிப்பவர்களின் எச்சரிக்கைப் பட்டியலை பேங்க் நெகாரா வெளியிடுகிறது; அதையும் பார்க்கச் சொல்லுங்கள். படித்த பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள்.

எனக்கு எத்தனை வாக்கு?

ஆதாயம் வந்தால் எங்கே போகும், யார் தீர்மானிப்பார்?

இதை விற்றுவிட முடியுமா? விற்றால் பணம் யாருக்கு? கோயில் நிலத்தை அறங்காவலர் தம் இஷ்டப்படி விற்க முடியாது அல்லவா? அதுபோல இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டு முதல் ஒரு வகை சமுதாயக் கம்பெனிக்குச் சொத்துப் பூட்டு என்று சட்டமே இருக்கிறது. நிறுவனம் மூடப்பட்டாலும் சொத்து தனி மனிதர் கைக்குப் போகக் கூடாது. அப்படி ஒரு பூட்டு இங்கே இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக, தணிக்கை செய்த கணக்கறிக்கையை நான் பார்க்கலாமா?

இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்பவர் நேர்மையானவர். "எங்களை நம்பவில்லையா? நம் இனத்துக்கு நாமே உதவாவிட்டால் யார் உதவுவார்?" என்று மட்டும் சொல்பவரிடம், பணத்தை எடுக்காமல் தண்ணீர் கொடுத்து அனுப்பி வையுங்கள். நம்பிக்கை பெரிய செல்வம். அதை எழுத்தில் கட்டிக் காப்பது அதைவிடப் பெரியது. ஒப்புரவு என்று வள்ளுவர் தனி அதிகாரமே வைத்தார். ஊரோடு சேர்ந்து வாழ்வதும் ஊருக்குப் பயன்படுவதும் நமக்குப் புதிய பாடம் அல்ல. அதற்கு ஒரு சட்டதிட்டமும் கணக்குப் புத்தகமும் சேர்ந்தால்தான் சமுதாயத் தொழில்.

பாட்டிக்கு இரண்டு தாளையும் படித்துச் சொன்னோம். இரண்டாவது தாளைப் பற்றி நல்ல செய்தி சொல்ல முடியவில்லை. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு முதல் தாளை மட்டும் எடுத்து, "அப்போ இந்தக் கூட்டத்துக்கு நான் போகலாமா ஐயா? எனக்குப் பேசத் தெரியாதே," என்றார்.

"பேச வேண்டியதில்லை பாட்டி. மறுநடவுக்குப் பணம் வைத்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள், போதும்," என்றோம்.

அந்த ஆண்டு பேரனைக் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். கையில் அதே பிளாஸ்டிக் பை. கேள்வியைக் கேட்டார். மேடையில் இருந்தவர்கள் கணக்கைப் புரட்டிப் பதில் சொன்னார்கள். பதில் முழுவதும் தமக்குப் புரியவில்லை என்று திரும்பி வந்து சொன்னார். ஆனால் அடுத்த முறை அதையே விளக்கமாகச் சொல்லச் சொல்வேன் என்றும் சொன்னார்.

உங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னாலும் அப்படி ஒரு தாள் இருக்கலாம், நேயர்களே. இன்றிரவு எடுத்து, பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.